ஒரு வாக்கின் எடை

தேர்தல் நெருங்குந்தோறும் நம் இல்லங்களில் இரண்டு பேச்சுகள் எழுவது வழக்கம். "நம் ஒருவர் வாக்கினால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்பது ஒன்று. "இந்த முறை போட்டி கடுமை; நம் போன்றவர்கள் கையில்தான் முடிவு இருக்கிறது" என்பது மற்றொன்று. முன்னது சோர்விலிருந்து பிறப்பது; பின்னது பெருமிதத்திலிருந்து பிறப்பது. ஒன்றுக்கொன்று முரண்பட்டவைபோல் தோன்றினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. வாக்கின் மதிப்பை, அது முடிவை மாற்றுமா மாற்றாதா என்பதைக் கொண்டு அளப்பதே அவ்வடிப்படை. அந்த அளவுகோல் அறநெறிக்கு ஒத்ததுதானா என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

ஒரு வாக்கில் கவிழ்ந்த ஆட்சி

பாரத நாட்டின் பாராளுமன்ற வரலாற்றில் 1999 ஏப்ரல் 17 மறக்கவியலாத நாள். அதற்கு முந்தைய ஆண்டு நடந்த பொதுத்தேர்தலில் எந்த அணிக்கும் தெளிவான பெரும்பான்மை கிட்டவில்லை. பல கட்சிகளின் துணையோடு அடல் பிகாரி வாஜ்பாய் ஆட்சி அமைத்தார். அத்துணைக் கட்சிகளுள் ஒன்றாகிய அ.இ.அ.தி.மு.க. 1999 ஏப்ரலில் ஆதரவை விலக்கிக்கொண்டது. எதிர்வரிசையிலிருந்த தி.மு.க. ஆட்சிக்கு ஆதரவாக நின்றது. நம்பிக்கை கோரும் தீர்மானத்தின்மீது மக்களவையில் வாக்கெடுப்பு நடந்தபோது ஆதரவாக 269 பேரும் எதிராக 270 பேரும் வாக்களித்தனர். ஒரே ஒரு வாக்கில் ஆட்சி வீழ்ந்தது. ஏப்ரல் 26 அன்று மக்களவை கலைக்கப்பட்டது. கோடிக்கணக்கான மக்கள் மீண்டும் வாக்குச்சாவடிக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

அந்த ஒரு வாக்கு யாருடையது என்ற விவாதம் அன்றே தொடங்கிவிட்டது. ஒரிசாவின் முதலமைச்சராக இரண்டு மாதங்களுக்கு முன்னரே பதவியேற்றிருந்த கிரிதர் கமாங், மக்களவை உறுப்பினர் பதவியை விட்டு விலகாதிருந்தமையால் தில்லிக்கு வந்து எதிர்த்து வாக்களித்தார். அவர் வாக்களிக்கலாமா என்ற வினா எழுந்தபோது, சபாநாயகர் பாலயோகி அதனை அவருடைய மனச்சான்றுக்கே விட்டுவிட்டார். தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ் தம் கட்சியின் கட்டளையை மீறி எதிர்த்து வாக்களித்தார். நடுநிலை வகிக்கும் என எதிர்பார்க்கப்பட்ட பகுஜன் சமாஜ் கட்சியும் இறுதி நேரத்தில் எதிர்த்தே வாக்களித்தது. ஆட்சியைக் கவிழ்த்தவர் இவரே என்று சிலர் ஒருவரையும், அவரே என்று சிலர் வேறொருவரையும் சுட்டினர்.

அந்த ஒருவர் யார்?

நிதானமாக எண்ணிப் பார்த்தால் இவ்விவாதத்தின் குறை விளங்கும். எதிர்த்து வாக்களித்த 270 பேரில் எவரேனும் ஒருவர் மாறி வாக்களித்திருந்தாலும் தீர்மானம் நிறைவேறியிருக்கும். ஆகவே 270 பேரில் ஒவ்வொருவரும் "அந்த ஒருவர்" ஆவார். செய்தித்தாள்களில் பெயர் வந்த இருவர் மூவரோடு, பெயர் வராத மற்றவர்களும் அதே எடையுள்ள செயலையே செய்தனர்.

ஒரு பொருளை ஒரு கோணத்திலிருந்து நோக்கும் நயம், தன் அளவில் உண்மையே. அதனை முழு உண்மையென்று சாதிக்கும்போதுதான் அது பிழையாகிறது என்பது அநேகாந்தத்தின் அடிப்படைப் பாடம். "கமாங்கின் வாக்கால் ஆட்சி வீழ்ந்தது" என்பது ஒரு நயத்தால் உண்மை. "கூட்டணிக் கட்சி விலகியதால் வீழ்ந்தது" என்பதும் ஒரு நயத்தால் உண்மை. "1998 தேர்தலில் மக்கள் எவர்க்கும் பெரும்பான்மை தராததால் வீழ்ந்தது" என்பதும் அவ்வாறே. இம்மூன்றாம் நயத்தின்படி நோக்கினால், அத்தேர்தலில் வாக்களித்த ஒவ்வொருவருக்கும், வாக்களிக்காமல் வீட்டிலிருந்த ஒவ்வொருவருக்கும் அந்த ஏப்ரல் மாத நிகழ்ச்சியில் பங்குண்டு.

நூலிழை வேறுபாடு ஒரு வாக்கைப் புதிதாகப் பெரிதாக்கிவிடுவதில்லை. எப்போதும் அதற்குள்ள எடையைக் கண்ணுக்குப் புலப்படச் செய்கிறது. பெரும் வேறுபாட்டில் முடியும் தேர்தலில் அவ்வெடை நம் கண்ணுக்கு மறைந்திருக்கிறது, அவ்வளவே.

ஆவூரும் ஆலங்குடியும்

இதனை நம் தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றால் மேலும் தெளியலாம். புதுக்கோட்டை மாவட்டம் நம் வாசகர்களுக்குப் புதிதன்று. சித்தன்னவாசல், நார்த்தாமலை, தேனிமலை என்று நம் முன்னோர் தவமிருந்த குன்றுகள் அங்கே உள்ளன. அம்மாவட்டத்தின் விராலிமலை ஒன்றியத்தில் ஆவூர் என்னும் சிற்றூர் உள்ளது. பெரியநாயகி மாதா ஆலயத்தால் பெயர்பெற்ற ஊர் அது.

2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுசீரமைப்பில் புதுக்கோட்டை என்னும் மக்களவைத் தொகுதி நீக்கப்பட்டது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் நான்கு மக்களவைத் தொகுதிகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிராப்பள்ளியோடு சேர்ந்தன. அறந்தாங்கி இராமநாதபுரத்தோடும், ஆலங்குடியும் திருமயமும் சிவகங்கையோடும் இணைந்தன. ஆவூர் அடங்கிய விராலிமலை கரூரோடு சென்றது.

அடுத்த ஆண்டே பொதுத்தேர்தல் வந்தது. 2009 மே 13 அன்று தமிழகம் முழுவதும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடைபெற்றது. ஆவூரிலும் ஆலங்குடியிலும் மக்கள் ஒரே வெயிலில் வரிசையில் நின்றனர். கரூர்த் தொகுதியின் வெற்றி வேறுபாடு 47,254 வாக்குகள். சிவகங்கையிலோ காங்கிரஸ் வேட்பாளர் ப. சிதம்பரம் 3,34,348 வாக்குகளும், அ.இ.அ.தி.மு.க. வேட்பாளர் இராஜ கண்ணப்பன் 3,30,994 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 3,354 மட்டுமே. அம்முடிவை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கும் தொடரப்பட்டது. பத்தாண்டு கழித்து 2019இல் கரூர்த் தொகுதியின் வேறுபாடு நான்கு இலட்சத்து இருபதாயிரத்தையும் தாண்டியது.

வாக்கின் மதிப்பு முடிவை மாற்றும் ஆற்றலில்தான் இருக்கிறது என்று கொண்டால் என்ன ஆகும்? ஒரே மாவட்டத்தில், ஒரே நாளில், ஒரே அக்கறையோடு வாக்களித்த இருவரில் ஆலங்குடிக்காரர் பெருஞ்செயல் செய்தவராவார். ஆவூர்க்காரர் வீண்செயல் செய்தவராவார். 2019இல் ஆவூர்க்காரரின் வாக்கு அதனினும் கீழாகிவிடும். ஒருவருடைய அறச்செயலின் மதிப்பு, ஆணையம் ஒன்று வரைபடத்தில் இட்ட கோட்டினால் ஏறியும் இறங்கியும் போகுமா? போகாது என்றே நம் உள்ளம் சொல்கிறது. அங்ஙனமாயின் அந்த அளவுகோல் பிழையுடையது என்பது தெளிவு.

அன்றியும், தேர்தல் நாளன்று காலையில் வேறுபாடு எத்துணை என்பதை எவரும் அறியார். 1989இல் ஆந்திரத்து அனகாபள்ளித் தொகுதியிலும், 1998இல் அன்றைய பீகாரின் ராஜ்மகால் தொகுதியிலும் வெற்றி வேறுபாடு ஒன்பதே வாக்குகள். 2024இல் மும்பை வடமேற்குத் தொகுதியில் 48 வாக்குகள். அதே 2024 தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளையும் ஒரே அணி வென்றது. ஆயினும் விருதுநகரில் வேறுபாடு 4,379 மட்டுமே. எண்ணி முடித்த பின்னரே தெரியவரும் ஒன்றைக் கொண்டு, எண்ணுவதற்கு முன் செய்ய வேண்டிய கடமையை அளப்பது எங்ஙனம் பொருந்தும்?

கரைக்கு இட்ட மண்

புதுக்கோட்டைச் சீமை ஏரிகளாலும் கண்மாய்களாலும் வாழ்ந்த சீமை. குடிமராமத்துக் காலத்தில் ஊரார் ஒன்றுகூடி, ஆளுக்குச் சில கூடை மண் வெட்டிக் கரையை உயர்த்துவர். மழைக்காலத்தில் நீர் கரையின் விளிம்புவரை வந்து நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எவருடைய கூடை மண் ஊரைக் காத்தது? மேலே கிடக்கும் கூடை மண்ணைக் காட்டி "இதுவே காத்தது" என்று ஒருவர் சொல்லலாம். அடியில் கிடக்கும் மண் இல்லையேல் மேல்மண் நிற்க இடமேது? நீர் விளிம்புவரை வராத ஆண்டில் மண் இட்டவர் உழைப்பு வீணென்றும் சொல்ல இயலாது. ஊருக்கு வேண்டியதைத் தன் பங்குக்குச் செய்தோம் என்பதே அவ்வுழைப்பின் மதிப்பு. அவ்வாறே கூடையைத் தூக்காமல் வீட்டிலிருந்தவர், "என் ஒரு கூடை இல்லாமலும் கரை நின்றதே" என்று சொல்லித் தப்பவும் இயலாது. கரை நின்றது மற்றவர் முதுகு வளைந்ததனால்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல்

வினை ஊற்றைப் பற்றிக் கூறும் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், ஒரு செயல் மூவகையால் நம்மைச் சாரும் என்கிறது. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்பன அவை. கொல்லாமை நோன்பைக் கைக்கொண்ட நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்த பாடம் இது.

வாக்களித்தல் இம்மூன்றில் எதனைச் சாரும்? ஆட்சி செய்பவர் நம் பெயரால், நாம் தந்த அதிகாரத்தால் செயல்படுகிறார். ஆகவே அது செய்வித்தலின்பாற்படும். அவர் அறிவித்த தீமையை அறிந்தே அவருக்கு வாக்களித்தால் உடன்படுதலும் ஆகும். உடன்பட்டவர் பத்துப் பேரானால் வினை பத்தாகப் பிரிந்து குறைந்துவிடும் என்று நம் நூல்கள் கூறவில்லை. ஒவ்வோர் உயிரும் தன் எண்ணத்தின் தன்மைக்கேற்ப வினையை எய்துகிறது. பத்து இலட்சம் பேரோடு சேர்ந்து உடன்பட்டாலும் நம் உடன்பாடு நம்முடையதே. கூட்டத்தில் மறைந்துகொள்ள இடமில்லை என்பது அச்சுறுத்துவதுபோல் தோன்றலாம். அதே நெறிப்படி, தோற்ற வேட்பாளருக்கு நன்கு ஆராய்ந்து இட்ட வாக்கும் வீணாவதில்லை என்பதில் ஆறுதலும் உண்டு.

ஈண்டு ஒரு தடை எழலாம். "முடிவைப் பற்றிக் கவலைப்படாமல் என் எண்ணம் தூயது என்று சொல்லி வாக்களிப்பது பொறுப்பற்ற செயலன்றோ? இரு அணிகள் சரிக்குச் சரியாக நிற்கையில், வெல்ல இயலாத மூன்றாமவருக்கு வாக்களித்தால் அவ்விரண்டில் தீமை மிக்கது வெல்ல வழியாகுமன்றோ?" இது புறக்கணிக்கத்தக்க தடையன்று.

எண்ணம் தூயதாயிருத்தல் என்றால் விளைவை எண்ணாதிருத்தல் என்று பொருளில்லை. காலடியில் உயிர் உண்டா என்று பார்த்து நடப்பவன் விளைவை எண்ணியே நடக்கிறான். யார் ஆட்சிக்கு வந்தால் எளியோர்க்கும் வாயில்லா உயிர்களுக்கும் துன்பம் குறையும் என்று ஆராய்வது வாக்காளனின் முதற்கடமை. இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டவை அணுவிரதங்கள். முழுமையாகத் தீமையை விலக்க இயலாத நிலையில், இயன்ற மட்டும் குறைத்துக்கொள்வதே அவற்றின் நோக்கம். இரண்டில் தீமை குறைந்ததைத் தேர்வதும் அந்நோக்கத்தோடு ஒத்ததே. மூன்றாமவருக்கு வாக்களிப்பது இன்று தோற்றாலும் நாளை நன்மை தரும் என்று ஆராய்ந்து துணிபவரும் தவறு செய்தவராகார். இருவரும் துன்பத்தைக் குறைக்கும் வழியையே தேடினர். வெல்லும் பக்கம் நிற்க வேண்டும் என்ற ஆசையால் இடும் வாக்கு இவ்விரண்டினும் வேறானது. அதில் ஆராய்ச்சியும் இல்லை, அறமும் இல்லை.

விலை கேட்கும் வேளை

போட்டி கடுமையாகும்போது வாக்குக்கு விலை ஏறுகிறது. 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியில் பெருந்தொகை கைப்பற்றப்பட்டதைத் தொடர்ந்து, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாட்களுக்கு முன் தேர்தலே இரத்து செய்யப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 5 அன்று மீண்டும் தேர்தல் நடந்தபோது வேறுபாடு 8,141 வாக்குகள். நம் குடும்பங்கள் பல வாழும் வடதமிழகத்திலேயே நிகழ்ந்தது இது. பணம் தருவது மட்டுமன்றிப் பெறுவதும் சட்டப்படி குற்றம். நம் நெறிப்படி அது உலோபத்துக்கு இடங்கொடுத்து, களவுப்பொருளில் பங்கு கொள்வதாகும்.

பணம் வாங்க நாணுகின்ற நல்லோரையும் மற்றொரு விலை மயக்கக்கூடும். நம் சமுதாயம் சிறியது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டின் 7 கோடியே 21 இலட்சம் மக்களுள் சமணர் 89,265 பேர். வடநாட்டிலிருந்து வந்து வாழ்வோரையும் சேர்த்தே இத்தொகை. சாதாரண நாட்களில் நம்மை எவரும் தேடி வருவதில்லை. சில ஆயிரம் வாக்குகளில் முடிவு தொங்கும் தொகுதியில் மட்டும் திடீரென்று தேடி வருவர். "உங்கள் ஊர் வாக்குகள் அனைத்தும் எங்களுக்கே என்று சொல்லுங்கள், உங்கள் ஆலயத்திற்குப் பாதை போட்டுத் தருகிறோம்" என்பர். இதில் என்ன குற்றம்?

ஆலயத்திற்குப் பாதை கேட்பதில் குற்றமில்லை. எந்த ஆட்சியாயினும் வெளிப்படையாகக் கேட்பது குடிமக்களின் உரிமை. ஆனால் ஊரிலுள்ள ஒவ்வொருவருடைய மனச்சான்றையும் மூட்டையாகக் கட்டி, ஒரு பாதைக்கு ஈடாகத் தருவதற்கு எவருக்கும் உரிமையில்லை. அப்பாதையினும் பெரிய நன்மை தீமைகள் அத்தேர்தலில் அடங்கியிருக்கின்றன. நம் கோரிக்கை நேர்மையானதா என்று அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. எதிரணி வென்றாலும் அதே கோரிக்கையை அதே சொற்களில், தலைநிமிர்ந்து கேட்க நம்மால் இயலுமா? இயலுமாயின் அது கோரிக்கை. இயலாதாயின் அது விற்பனை.

எண்ணிக்கையும் உண்மையும்

இனி, முடிவு வெளியான பிறகு நாம் நடந்துகொள்ள வேண்டிய முறை. 269க்கு எதிராக 270 என்னும் எண்ணிக்கை, யார் ஆளக்கூடாது என்பதை முடிவு செய்தது. யார் பக்கம் உண்மை இருந்தது என்பதை அது முடிவு செய்யவில்லை, செய்யவும் இயலாது. 2009இல் சிவகங்கையில் வென்றவருக்கும் பதிவான வாக்குகளில் பாதிக்குக் குறைவாகவே கிடைத்தன. அவரை விரும்பாதவர் தொகை விரும்பியவர் தொகையினும் பெரிது. ஆயினும் அவரே சட்டப்படி உறுப்பினர். ஏதேனும் ஒரு முறையில் விவகாரத்தை முடித்து நாட்டை நடத்த வேண்டும் என்பதற்காக நாம் அனைவரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

சட்டமே இதனை ஒப்புக்கொள்கிறது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 65ஆம் பிரிவின்படி, இருவர் சமமான வாக்குகள் பெற்றால் திருவுளச்சீட்டு எடுக்கப்படும். சீட்டு விழுந்தவருக்கு ஒரு வாக்கு கூடுதலாகக் கிடைத்ததாகக் கொள்ளப்படும். சீட்டு விழுந்தவரே சிறந்தவர் என்று எவரும் நம்புவதில்லை. எனினும் அம்முடிவுக்கு அனைவரும் கட்டுப்படுவர். பத்தாம் நூற்றாண்டில் உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு கூறும் குடவோலை முறையும் இத்தகையதே. தகுதியை முன்கூட்டியே கடுமையாக ஆராய்ந்தனர். கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் விலக்கினர். அதன்பின் குடத்திலிட்ட ஓலையைச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுத்தனர். ஓலை வந்தவர் செருக்குறவும், வராதவர் வெகுளவும் அங்கு இடமில்லை.

நூலிழையில் வென்றவருக்கும் அவரை ஆதரித்தவருக்கும் இதிலிருந்து ஒரு கடமை பிறக்கிறது. ஏறக்குறைய பாதி மக்கள் வேறுவிதமாக எண்ணுகின்றனர் என்பதை அவ்வெண்ணிக்கையே அவர்களுக்கு அறிவித்துவிட்டது. அதனைக் கேளாதவர்போல் நடப்பது மானம் என்னும் கஷாயத்தின் வெளிப்பாடு. தோற்றவர் தரப்புக்கும் கடமையுண்டு. ஐயமிருப்பின் வழக்குமன்றம் செல்லலாம். அதற்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆதாரமின்றிப் பழிதூற்றுவதும், வென்றவர்க்கு வாக்களித்த அண்டை வீட்டாரை அறிவிலிகள் என்று ஏசுவதும் வெகுளியின்பாற்படும்.

அண்டை வீட்டாரோடு அணிக்காகப் பகை கொள்வோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 1998இல் தமிழ்நாட்டில் பாரதிய ஜனதாவும் அ.இ.அ.தி.மு.க.வும் ஓரணியில் நின்று 30 இடங்களை வென்றன, தி.மு.க. எதிரணி. 1999 தேர்தலில் பாரதிய ஜனதாவும் தி.மு.க.வும் ஓரணியில் நின்று 26 இடங்களை வென்றன, அ.இ.அ.தி.மு.க. காங்கிரசோடு எதிரணி. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குள் மேடைகள் இடம் மாறின. முதல் தேர்தலில் மேடைப்பேச்சைக் கேட்டு மைத்துனரோடு பேச்சை நிறுத்திக்கொண்டவர், இரண்டாம் தேர்தலில் யாரோடு பேச்சை நிறுத்துவார்? தலைவர்கள் கைகுலுக்கிக்கொண்டனர். கிராமங்களில் கல்யாணத்திற்கும் சாவுக்கும் போகாமல் நின்றுபோன உறவுகள் அத்தனை எளிதில் கைகுலுக்கிக்கொள்ளவில்லை. தலைவர்களுக்கு அணி ஒரு தேர்தல் ஏற்பாடு. நாம் அதை உயிர்ப்பகையாக்கிக்கொண்டால் அந்த இழப்பு நம்முடையதே.

மாற்றான் கூற்றிலும் ஒரு நயத்தால் உண்மை இருக்கக்கூடும் என்று ஏற்பது, கொள்கையைக் கைவிடுவதாகாது. நம் துணிவில் உறுதியாக நின்று வாக்களிக்கலாம். அத்துணிவே முழு உண்மை என்று சாதிப்பதை விட்டால் போதும்.

நாம் செய்யத்தக்கவை

வாசக அன்பர்களே! அடுத்த தேர்தல் நெருங்குகையில் போட்டி கடுமையா எளிதா என்று செய்தித்தாள்கள் கணித்துக்கொண்டிருக்கட்டும். ஆவூரிலிருப்பவர்க்கும் ஆரணியிலிருப்பவர்க்கும் செய்யத்தக்கவை ஒன்றே. வேட்பாளரையும் அவர் சார்ந்த அணியின் செயல்களையும் ஆராய்வோம். இவருக்கு அதிகாரம் தந்தால் எவ்வெவ்வுயிர்க்குத் துன்பம் கூடும், எவ்வெவ்வுயிர்க்குக் குறையும் என்று எண்ணுவோம். கையூட்டையும் கூட்டுப் பேரத்தையும் மறுப்போம். வீட்டிலுள்ள முதியோரையும் இளையோரையும் அவரவர் துணிவின்படி வாக்களிக்க விடுவோம். முடிவு வந்த மறுநாள் காலையில், எதிரணிக்கு வாக்களித்த அண்டை வீட்டாரை முன்போலவே நலம் விசாரிப்போம்.

வேறுபாடு ஒன்பதாயினும் நான்கு இலட்சமாயினும், இவ்வாறு இட்ட வாக்கின் எடையில் சிறிதும் குறைவில்லை. அறம் வளர்க.